சீலிங்குக்கு மேல உடைஞ்சு போன பொயிலர் புகைக்குழாய்: மலைநாட்டு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நம்ம பக்கத்துல சுடுதண்ணி இல்லாம காலம் ஓட்ட முடியாது. நுவரெலியா, கந்தப்பளை, ராகலை, அக்கரபத்தனை பக்கமெல்லாம் விடியக்காலம் பைப்பைத் திறந்தா கை விறைச்சுப் போகும், ஜனவரி பெப்ரவரியில புல்லு மேல பனி வெள்ளையா உறைஞ்சு கிடக்கும். அதனால தான் பழைய பங்களாவுல எல்லாம் விறகு பொயிலர் இருக்கு, சில குசினியில டோவர் அடுப்போட சேர்த்து தண்ணி டாங்கி இருக்கு, புதுசா கட்டின வீட்லயும் கெஸ்ட் ஹவுஸ்லயும் கேஸ் கீசர் மாட்டியிருக்காங்க. எதுவா இருந்தாலும் நெருப்பு எரிஞ்ச புகை வெளிய போக ஒரு குழாய் வேணும். அந்தக் குழாய் நிறைய வீட்ல சீலிங்கைத் துளைச்சுக்கிட்டு மேல போய், பரண் வழியா கூரைத் தகரத்தைத் தாண்டி வெளிய நிக்குது.

நான் சொல்ல வர்றது சீலிங்குக்கும் தகரத்துக்கும் நடுவுல இருக்கிற அந்த நாலு அடி அஞ்சு அடித் துண்டைப் பத்தி. அடுப்புக்குப் பக்கத்துல ஓட்டை விழுந்தா அன்னைக்கே தெரிஞ்சிடும், தகரத்துக்கு மேல சாஞ்சு நின்னா ரோட்டுல போறவன் கூட சொல்லுவான். ஆனா பரண்ல இருக்கிற துண்டு வருசக்கணக்கா யார் கண்ணுலயும் படாம துருப்பிடிச்சு, மூட்டு விட்டு, உள்ளயே புகையைக் கக்கிக்கிட்டு இருக்கும். அது உடைஞ்சிருக்குன்னு தெரிஞ்சா டேப் சுத்தி சமாளிக்கிற வேலை வேண்டாம், கீழ இருந்து மேல வரைக்கும் குழாயை முழுசா மாத்துங்க, மாத்துற வரைக்கும் ஒரு குச்சி விறகு கூட உள்ள வைக்காதீங்க. ஏன்னும் எப்படின்னும் கீழ எழுதுறேன்.

முதல்ல வீட்ல இருக்கிறவங்களைப் பாருங்க

குழாய் உடைஞ்சா வர்ற பெரிய ஆபத்து புகை நாத்தமோ சீலிங்ல கறை படியிறதோ இல்ல, காபன் மொனொக்சைட் தான். அதுக்கு நிறமும் இல்ல, மணமும் இல்ல. நம்ம ரத்தத்துல ஒட்சிசனை சுமக்கிற ஹீமோகுளோபின்ல, ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா இது ஒட்டிக்கும், அதனால காத்துல கொஞ்சமா இருந்தாலும் உடம்புக்குள்ள சேர்ந்துக்கிட்டே போகும். தலைவலி, தலைசுத்து, வாந்தி வர்ற மாதிரி, கை கால் அசதி, இதெல்லாம் தான் முதல் அறிகுறி. நம்ம ஊருல இதை தடிமன் காய்ச்சல்னு நினைச்சு கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சுட்டு, குளிருதுன்னு ஜன்னலையும் அடைச்சுட்டு படுத்துடுவோம், அது தான் ரொம்ப மோசம்.

எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறதுன்னா, காய்ச்சல் இல்லாம தலைவலி மட்டும் இருக்கா, வீட்ல ஒரே நேரத்துல ரெண்டு மூணு பேருக்கு வருதா, வெளிய கடைக்கு வேலைக்குப் போனா நல்லாகி வீட்டுக்கு வந்தா திரும்ப வருதா, குளிச்சு முடிச்ச கையோட வருதா, இப்படிப் பாருங்க. இதுல ஒன்னு பொருந்தினாலும் பொயிலரை நிப்பாட்டிட்டு எல்லாரும் வெளிய வந்துடணும். பிள்ளைங்க, வயசானவங்க, கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு மத்தவங்களை விட சீக்கிரமா தாக்கும்.

யாராவது மயங்கிக் கிடந்தா கதவு ஜன்னலைத் திறந்துக்கிட்டே அவங்களை வெளிக்காத்துக்கு இழுத்துட்டு வந்து 1990 சுவசெரியா ஆம்புலன்சுக்கு அடிங்க. ஆஸ்பத்திரியில "பொயிலர் புகை, காபன் மொனொக்சைட் சந்தேகம்"னு வாய் திறந்து சொல்லணும், அதை மறக்காதீங்க. ஏன்னா விரல்ல மாட்டுற ஒக்சிமீட்டருக்கு ஒட்சிசன் ஒட்டின ரத்தத்துக்கும் இந்த வாயு ஒட்டின ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது, ஆள் சாகக் கிடந்தாலும் 98, 99னு தான் காட்டும். கொரோனா காலத்துல வாங்கினது வீட்ல இருக்குன்னு அதை மாட்டிப் பார்த்து நிம்மதியாகிடாதீங்க. சாதாரண காத்தை சுவாசிச்சா ரத்தத்துல இருக்கிற வாயு பாதியா குறையவே நாலஞ்சு மணித்தியாலம் ஆகும், மாஸ்க் போட்டு சுத்தமான ஒட்சிசன் குடுத்தா ஒன்னு ஒன்னரை மணித்தியாலத்துல பாதியாகும், ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொல்றது இதுக்குத் தான்.

"பரண்ல தானே போகுது, நமக்கென்ன?"

இந்தக் கேள்வியைக் கேக்காத வீடே இல்ல. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவுல காத்து போக இடைவெளி இருக்கே, புகை அப்படியே வெளிய போயிடாதான்னு கேப்பாங்க. காத்து அசையாம இருக்கிற நாள்ல கொஞ்சம் போகும் தான். ஆனா மே மாசத்துல இருந்து ஹட்டன், மஸ்கெலியா, நோர்வுட், தலவாக்கலை பக்கம் அடிக்கிற காத்தும் மழையும் உங்களுக்கே தெரியும், அந்தக் காத்து கூரை ஓரத்து இடைவெளியால உள்ள நுழைஞ்சு பரண்ல இருக்கிறதைக் கீழ அமுக்கும். சீலிங்ல பல்ப் ஓட்டை, பலகை இடுக்கு, மேல ஏற வச்ச மூடி, இது வழியா எல்லாம் ரூமுக்குள்ள இறங்கும். ரூமுக்குள்ள அடுப்பு மூட்டின சூட்டுல காத்து மேல ஏறி எங்கயாவது வெளிய போனா, அந்த இடத்தை நிரப்ப வேற இடத்தால காத்து உள்ள வரணும், அது பரண் காத்தா இருந்தா கதை முடிஞ்சுது.

லயத்துல (தோட்டத்து வரிசை வீட்ல) இருக்கிறவங்க இதைக் கட்டாயம் யோசிக்கணும். நிறைய பழைய லயங்கள்ல காம்பரா காம்பராவா பிரிச்ச சுவர் கூரை வரைக்கும் போகாது, மேல எல்லாருக்கும் ஒரே வெளி. இந்தக் கோடியில இருக்கிற வீட்டுக் குழாய் உடைஞ்சா நாலு வீடு தள்ளித் தூங்குற கைக்குழந்தைக்கும் அந்தப் புகை போகும். அதனால "எங்க வீட்டு விசயம் நாங்க பாத்துக்கிறோம்"னு இதுல சொல்ல முடியாது. தோட்டத்து வீடுன்னா நிர்வாகத்துக்கு வாயால சொல்றதோட நிக்காம எழுத்துல குடுத்து, குடுத்ததுக்கு ஒரு கொப்பி வச்சுக்கங்க, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் அன்னைக்கே சொல்லிடுங்க.

எப்படி உடையுது

முதல் காரணம் தண்ணி. கேஸ் எரியும்போது நீராவி உண்டாகுது, ஒரு கிலோ கேஸுக்கு ஒன்னரை லீட்டருக்கும் மேல தண்ணி, கணக்குப் போட்டா 12.5 கிலோ சிலிண்டர் ஒன்னு முழுசா எரிஞ்சா கிட்டத்தட்ட 20 லீட்டர் தண்ணி ஆவியா அந்தக் குழாய்க்குள்ள போகுது. பரண்ல ராத்திரிக் குளிர் நிக்கும், குழாய் ஒத்தைத் தகடு, அதனால ஆவி அங்கேயே தண்ணியாகி மூட்டுல தேங்கும், தேங்குற தண்ணி லேசா அமிலத்தன்மையா இருக்கிறதால தகட்டை உள்ள இருந்து அரிக்கும். வெளிய பார்த்தா மினுமினுன்னு இருக்கும், விரலால அமுக்கினா உள்ள போயிடும்.

விறகுல வேற மாதிரி. பச்சை விறகுல பாதி நிறை தண்ணி தான், அது எரியும்போது புகை குளிர்ந்து தாரா குழாய்ல படியும். தேயிலை கவ்வாத்து முடிஞ்ச கையோட மிலாறை (வெட்டின தேயிலைக் குச்சியை) கட்டிக் கொண்டு வந்து ஈரத்தோட எரிக்கிற வீட்ல இது சீக்கிரமா நடக்கும். தார் தடிச்சு ஒரு நாள் அதுவே பத்திக்கிட்டா குழாய் செக்கச்செவேல்னு பழுத்து, மூட்டெல்லாம் நெளிஞ்சு விட்டுடும்.

இதுக்கு மேல குரங்கு தகரத்துல குதிக்கிறது, மரநாய் பரண்ல குடியிருந்து குழாயைத் தள்ளிவிடுறது, காத்துக்கு வெளிக்குழாய் ஆடி ஆடி உள்மூட்டு கழண்டு போறதுன்னு எல்லாம் இருக்கு. நான் அதிகமா பாத்த காரணம் கூரை மாத்துற வேலை. பழைய தகரத்தைக் கழட்டும்போது குழாயை ஒரு பக்கமா சாய்ச்சு வச்சுட்டு, புதுசை அடிச்சு முடிச்சு மேல் துண்டை மட்டும் நிமித்தி விட்டுட்டுப் போயிடுவாங்க, உள்ள மூட்டு ரெண்டு இன்ச் விலகி நிக்கும். வெளிய இருந்து பாக்க எல்லாம் ஒழுங்கா தெரியும்.

2022ல கேஸ் கிடைக்காத காலத்துல நிறைய பேர் விறகுக்குத் திரும்பினாங்களே, அப்போ வருசக்கணக்கா பூட்டிக் கிடந்த பொயிலரையும் அடுப்பையும் திரும்பப் பத்த வச்ச வீடுன்னா குழாயை ஒரு தடவையாவது மேல ஏறிப் பாருங்க.

மேல ஏறுறதுக்கு முந்தி

நெருப்பை முழுசா அணைச்சு, தணலை எடுத்து வெளிய தகர வாளியில கொட்டி தண்ணி ஊத்துங்க, குழாய் ஆற ஒரு ராத்திரி விடுங்க. தணலை அப்படியே விட்டுட்டு டேம்பரை (குழாயை அடைக்கிற தகட்டு மூடியை) மூடிட்டா சரின்னு நினைக்கிறது பெரிய பிழை, சுவாலை இல்லாம கனலுற தணல் தான் காபன் மொனொக்சைட்டை அதிகமா விடும். கேஸ் கீசர்னா சிலிண்டர் வால்வை மூடி ரெகுலேட்டரையும் கழட்டிடுங்க. வீட்ல இருக்கிற எல்லார்கிட்டயும் சொல்லி, பொயிலர் கதவுல ஒரு கடதாசி ஒட்டுங்க, யாராவது தெரியாம பத்த வச்சா மேல இருக்கிறவன் பாடு அவ்வளவு தான்.

ஏறுறதுக்கு முந்தி குளவி இருக்கான்னு பாருங்க. நம்ம பக்கத்துல குளவி கொட்டி உயிர் போறது புதுசு இல்ல. பகல்ல கூரை ஓரத்துல பத்து நிமிசம் நின்னு கவனிச்சா குளவி ஒரே இடத்தால உள்ள போய் வர்றது தெரியும், தெரிஞ்சா அன்னைக்கு ஏற வேண்டாம், கூட்டை எடுக்கத் தெரிஞ்ச ஆளை வச்சு முதல்ல அதை முடிங்க.

மேல ஏறினா சீலிங் பலகையில கால் வைக்காதீங்க, மரச்சட்டத்து மேல மட்டும் தான் மிதிக்கணும், ரெண்டு சட்டத்துக்குக் குறுக்கால ஒரு நல்ல பலகையைப் போட்டு அதுல குந்துங்க. பழைய வயர் எலி கடிச்சு செம்பு தெரிய கிடக்கும், அதனால மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு நெத்தியில கட்டுற டோர்ச்சோட போங்க. மூக்குக்கு துணி மாஸ்க் பத்தாது, தூசி தடுக்கிற என்95 மாதிரி ஒன்னு போடுங்க. கீழ ஒரு ஆள் நின்னுக்கிட்டே இருக்கணும், தனியா ஏறவே கூடாது.

கூரையோ சீலிங்கோ குழாயோ அஸ்பெஸ்டோஸ்னா (பழைய புகைக்குழாய் சிலது சாம்பல் கலர்ல சீமெந்து மாதிரி இருக்கும், தட்டினா தகரச் சத்தம் வராது) அதை வெட்டவோ துளைக்கவோ உடைக்கவோ வேண்டாம். நீல அஸ்பெஸ்டோஸை இலங்கையில 1987லயே தடை செஞ்சாங்க, ஆனா எது எந்த வகைன்னு கண்ணால பார்த்து சொல்ல முடியாது, வெள்ளை வகையோட தூசியும் நுரையீரலுக்குக் கேடு தான். அதை நனைச்சு, முழுசா கழட்டி, தடிச்ச பொலித்தீன்ல சுத்தி எடுக்கிற ஆளை வச்சு செய்யணும்.

என்னத்தைப் பாக்கணும்

குழாயைத் தொட்டு ஆட்டாம முதல்ல சும்மா பாருங்க. கேஸ் கீசரோட புகைக்குழாய்னா மூட்டுல இருந்து கீழ்நோக்கி வெள்ளைப் பவுடர் மாதிரி கோடு இழுத்திருக்கும், அதுக்குக் கீழ துரு. விறகுக் குழாய்னா கருப்பும் தேன் கலரும் கலந்த மாதிரி கண்ணீர் வழிஞ்ச கோடு, தொட்டா பிசுபிசுன்னு, கிட்டப் போனா மூக்கைக் குத்துற தார் வாடை. மூட்டைச் சுத்தி தகரத்தோட அடிப்பக்கம் கருப்பா புகை படிஞ்சிருந்தா அந்த இடத்துல கசிவு இருக்கு. ஸ்குரூ ஓட்டை இருந்து ஸ்குரூ இல்லையா, தூக்கிப் பிடிச்ச கம்பி அறுந்து குழாயோட பாரமெல்லாம் ஒரு முழங்கை (வளைஞ்ச குழாய்த் துண்டு) மேல நிக்குதா, குழாய் எங்கயாவது கீழ தொங்கி குழி விழுந்திருக்கா, இதெல்லாம் கவனிங்க.

அப்புறம் மரம். குழாய் போற இடத்துக்குப் பக்கத்துச் சட்டத்தையும் கைமரத்தையும் நல்லா வெளிச்சம் அடிச்சுப் பாருங்க, நகத்தால கீறிப் பாருங்க. கருகி இருந்தாலோ, சொக்லட் கலருக்கு மாறி இலேசா வெடிச்சிருந்தாலோ, அந்த மரம் வருசக்கணக்கா சூடு வாங்கியிருக்கு. அப்படி காய்ஞ்சு வெந்த மரம் சாதாரண மரத்தை விட குறைஞ்ச சூட்டுலயே பத்திக்கும். இன்னைக்கு வரைக்கும் பத்தலைங்கிறதால நாளைக்கும் பத்தாதுன்னு இல்ல. அந்தத் துண்டு சட்டத்தை எடுத்துட்டு வேற போடணும், சாயம் அடிச்சு மறைக்கக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைக் கண்டுபிடிக்க, கீழ இருக்கிற ஆளை அடுப்போட பக்கத்து மூடியைத் திறந்து குழாய்க்குள்ள பலமான டோர்ச் ஒன்னை மேல் நோக்கி அடிக்கச் சொல்லுங்க, நீங்க பரண்ல உங்க டோர்ச்சை அணைச்சுட்டு இருட்டுல பாருங்க. ஊசி முனை ஓட்டை கூட மின்னும். எல்லாத்தையும் ஃபோன்ல ஃபோட்டோ எடுத்துக்கங்க, வேலைக்கு வர்ற பாஸுக்கும் (மேஸ்திரிக்கும்) வீட்டுக்காரருக்கும் காட்ட அதை விட நல்ல சாட்சி கிடையாது.

செய்யக் கூடாத ஒட்டு வேலை

அலுமினிய டேப், எம்சீல், சிலிக்கன், சீமெந்து பூசுறது, பெயின்ட் டின்னைப் பிரிச்சு சுத்திக் கம்பி கட்டுறது, இது எல்லாம் பரண்ல இருக்கிற குழாய்க்கு சரிவராது. சூட்டுல டேப்போட பசை காய்ஞ்சு உதிரும், சீமெந்து வெடிக்கும், குழாய் சூட்டுக்கு நீளுறதும் ஆறும்போது சுருங்குறதும் நடந்துக்கிட்டே இருக்கும், ஒட்டினது நிக்காது. ஒட்டியாச்சுன்னு நீங்க நிம்மதியா தூங்குற ராத்திரி தான் அது விடும். பிவிசி பைப்பை கேஸ் கீசருக்குப் போட்டிருக்கிறதை நானே பாத்திருக்கேன், அது 80 டிகிரி போல வந்தாலே இளகிடும், தயவு செஞ்சு அதைக் கழட்டுங்க. நெளியிற அலுமினிய ஹோஸையும் சீலிங்குக்கு மேல மறைச்சு ஓட விடாதீங்க, அது மெல்லிசு, எலிக்கு ஒரு ராத்திரி போதும்.

ஒரு மூட்டு மட்டும் விட்டிருக்கு, தகடு நல்லா இருக்குன்னா திரும்பப் பொருத்தி மூணு ஸ்குரூ அடிச்சா பத்தாதான்னு கேக்கலாம். குழாய் புதுசுன்னா, மரமும் கருகலைன்னா, ஆமா செய்யலாம். அஞ்சாறு வருசம் ஓடின ஒத்தைத் தகட்டுக் குழாய்னா ஒரு மூட்டு விட்டா மத்ததும் அதே வயசு தான், முழுசா மாத்துறது தான் சரி.

விறகு பொயிலர் குழாயை மாத்துறது

முதல்ல ஒரு முடிவு எடுக்கணும், குழாய் பரண் வழியா தான் போகணுமா? என்னைக் கேட்டா, சுவரைத் துளைச்சு வெளிய எடுத்து, வீட்டுக்கு வெளிப்பக்கமா மேல கொண்டு போறது தான் நல்லது. நம்ம பழைய லயமும் பங்களாவும் கருங்கல்லு சுவர், நெருப்புப் பிடிக்காது, துளைக்கிறது தான் கொஞ்சம் கஷ்டம். பிரச்சினை வந்தா கண்ணுக்குத் தெரியும், கசிஞ்சா வெளியில கசியும். குறை என்னன்னா வெளிக்குழாய் குளிர்ந்து போய் இழுவை (புகையை மேல இழுக்கிற சக்தி) குறையும், தார் அதிகமா படியும், அதனால உள்ளுக்கும் வெளிக்கும் நடுவுல சூடு தாங்குற பஞ்சு வச்ச ரெட்டைச் சுவர் குழாய் போடணும், அடியில T வடிவ மூட்டு ஒன்னு வச்சு கரி எடுக்க மூடி போடணும்.

பரண் வழியா தான் போகணும்னா ஒத்தைத் தகடு வேண்டாம். பிரித்தானியாவுலயும் அமெரிக்காவுலயும் கூரைக்குக் கீழ் வெளியால ஒத்தைத் தகட்டுக் குழாய் போகவே கூடாதுன்னு கட்டட விதி இருக்கு, ஒத்தைத் தகட்டை அடுப்பு இருக்கிற ரூமுக்குள்ள மட்டும் தான் விடுவாங்க, அமெரிக்காவுல அதுவும் மரத்துல இருந்து 18 இன்ச் தள்ளி. ரெட்டைச் சுவர் குழாய்க்கு கம்பனி குடுக்கிற இடைவெளி வழக்கமா 2 இன்ச் போல, அந்த 2 இன்ச்சுக்குள்ள பஞ்சோ துணியோ எதையும் அடைக்காம காத்து வெளியா விடணும். உள் குழாய்க்கு ஸ்டெயின்லெஸ் 304 அல்லது 316 கேளுங்க. சாதாரண ஜிஐ தகடு விறகு நெருப்புக்கு சரியில்ல, 200 டிகிரிக்கு மேல தொடர்ந்து சூடானா நாகப் பூச்சு உரிய ஆரம்பிக்கும், அது போனா தகடு சீக்கிரம் போயிடும்.

அளவு எடுக்கும்போது பொயிலர் வாய் 6 இன்ச்னா குழாயும் மேல வரைக்கும் 6 இன்ச் தான், நடுவுல எங்கயும் சுருக்கக் கூடாது. முழங்கை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, வச்சா 45 டிகிரி வைங்க. மூட்டுல மேல் குழாயோட வாய் கீழ் குழாய்க்கு உள்ள இறங்கணும், மாத்திப் போட்டா தார்த்தண்ணி மூட்டால வெளிய வழியும். ஒவ்வொரு மூட்டுக்கும் மூணு ஸ்குரூ, சுத்திவர சம இடைவெளியில, ரெட்டைச் சுவர் குழாய்னா கம்பனி குடுக்கிற பூட்டு வளையம், அதைத் துளைக்கக் கூடாது. அஞ்சாறு அடிக்கு ஒரு கிளாம்ப் போட்டு பாரத்தை சுவர்லயோ சட்டத்துலயோ இறக்கிடுங்க.

சீலிங்கைத் தாண்டுற இடத்துல தகட்டால சதுரமா ஒரு சட்டம் அடிச்சு மரத்தைத் தூர நிறுத்துங்க. தகரத்தைத் தாண்டுற இடத்துல ஈயமோ அலுமினியமோ ஃபிளாஷிங் (மழைத்தண்ணி இறங்காம தடுக்கிற தகடு) போட்டு, அதோட மேல் ஓரம் மேல் தகரத்துக்கு அடியில போகணும், இல்லன்னா மழைத்தண்ணி குழாயைப் பிடிச்சுக்கிட்டு உள்ள இறங்கும். அந்த இடத்துக்கு மட்டும் சூடு தாங்குற சிலிக்கன் பாவிக்கலாம்.

உயரத்துல கஞ்சத்தனம் வேண்டாம். கூரையைத் தாண்டுற இடத்துல இருந்து குறைஞ்சது 3 அடி, அதோட சுத்தி 10 அடிக்குள்ள இருக்கிற எந்த முகட்டை விடவும் சுவரை விடவும் 2 அடி உயரம். நம்ம ஊருக்கு இது இன்னும் முக்கியம், நுவரெலியா 1,868 மீட்டர்ல இருக்கு, அங்க காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல 80 சதவீதம் அளவுக்குத் தான், காத்து மெலிஞ்சா குழாயோட இழுவையும் மெலியும். மலைச்சரிவுக்குக் கீழ ஒட்டின வீடுன்னா சரிவுல இறங்குற காத்து புகையைத் திருப்பி அடிக்கும், அங்க 3 அடி பத்தாது, இன்னும் ஏத்திட்டு மேல நல்ல தொப்பி போடுங்க. மழை விழாம, குருவி நுழையாம கம்பி வலையோட இருக்கணும், ஆனா வலை ரொம்ப நெருக்கமா இருந்தா கரி அடைச்சுக்கும், அரை இன்ச் கண் போதும்.

கேஸ் கீசர்னா

இதுல நீங்க செய்யிறது கம்மியா இருக்கட்டும். குழாய் உடைஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சு நிப்பாட்டுறது உங்க வேலை, மாத்துறது அந்த மெசினைத் தெரிஞ்ச டெக்னீசியன் வேலை, குழாயும் அந்த கீசருக்குன்னு சொன்ன அளவுலயே இருக்கணும். ஆனா அவங்க வரும்போது நீங்க கேக்க வேண்டியது இருக்கு. கீசரை பாத்ரூமுக்கு வெளிய, காத்தோட்டமான வெளிச்சுவர்ல மாத்த முடியுமான்னு கேளுங்க, முடிஞ்சா அதையே செய்ங்க, அப்போ சீலிங்குக்கு மேல குழாயே வேண்டியதில்ல. உள்ள தான் வைக்கணும்னா, எரிய வேண்டிய காத்தையும் வெளிய இருந்தே எடுத்து புகையையும் வெளியவே விடுற மூடின வகை இருக்கு, விலை கூட, ஆனா பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு நான் அதைத் தான் சொல்லுவேன். குழாயே இல்லாத சின்ன கீசரை பாத்ரூமுக்குள்ள மாட்டவே கூடாது. இழுவையால புகை போற வகையில படுக்கையா ஓடுற துண்டு அடிக்கு கால் இன்ச் வீதம் மேல ஏறிப் போகணும், சில மூடின வகைக்கு இது மாறும், கையேட்டைப் பார்த்து செய்யச் சொல்லுங்க.

கேஸ் மணம் வந்தா அது வேற பிரச்சினை. நம்ம சிலிண்டர் கேஸ் காத்தை விட பாரம், தரையில தேங்கும், அதனால கீழ் கதவைத் திறந்து விடுங்க, சுவிட்ச் எதையும் போடவோ அணைக்கவோ வேண்டாம்.

வேலை முடிஞ்ச பிறகு ஊதுபத்தி டெஸ்ட்

வேலை சரியா நடந்துச்சான்னு பாக்க சாமி ரூம்ல இருக்கிற ஊதுபத்தியே போதும். வீட்டுக் கதவு ஜன்னல் எல்லாத்தையும் மூடுங்க, குசினி எக்சோஸ்ட் ஃபேன் இருந்தா அதையும் ஓட விடுங்க, ஏன்னா மோசமான நிலைமையில எப்படி இருக்குன்னு தான் பாக்கணும். பொயிலரைப் பத்த வச்சு பத்து நிமிசம் ஆன பிறகு, கீசர்னா அதுல புகை குழாய்க்குள்ள போற வாய் ஓரத்துலயும், விறகுன்னா கதவு இடுக்குலயும் ஊதுபத்தியை மெதுவா சுத்திவரக் காட்டுங்க. புகை உள்ள இழுபட்டா நல்லது. நின்ன இடத்துலயே சுழண்டாலோ முகத்துக்கு நேரா திரும்பி வந்தாலோ உடனே அணைச்சிட்டு ஜன்னலைத் திறங்க, குழாய்ல அடைப்போ உயரம் பத்தாத பிரச்சினையோ இருக்கு. அப்புறம் பரண்ல ஏறி ஒவ்வொரு மூட்டுலயும் இதையே செய்ங்க. காத்து பலமா அடிக்கிற நாள்ல இன்னொரு தடவை பாருங்க, அமைதியான நாள்ல பாஸ் ஆனது காத்துல ஃபெயில் ஆகும்.

அதோட படுக்கிற ரூமுக்குப் பக்கத்துல ஒரு காபன் மொனொக்சைட் அலாரம் வைங்க. ஈஎன் 50291ன்னு போட்டிருக்கிறதா பாத்து வாங்குங்க, அந்த வகை 50 பிபிஎம் அளவு ஒரு மணித்தியாலத்துக்கு மேல நின்னா அடிக்கும், 300 வந்தா மூணு நிமிசத்துக்குள்ள அடிக்கும். புகை அலாரம் வேற, இது வேற, ஒன்னுக்கு ஒன்னு பதிலாகாது. ஆயுசும் இருக்கு, பின்னால அச்சடிச்ச திகதி தாண்டினா மாத்தணும். கெஸ்ட் ஹவுஸ் நடத்துறவங்க ரூமுக்கு ஒன்னு வைக்கிறதை செலவுன்னு பாக்காதீங்க, வர்றவங்களுக்கு உங்க பொயிலர் எங்க இருக்குன்னே தெரியாது, உங்களை நம்பித் தான் ஜன்னலை அடைச்சுட்டுப் படுக்கிறாங்க.

பொயிலர் நின்னு கிடக்கிற நாள்ல குளிருக்கு கரிச்சட்டியை ரூமுக்குள்ள கொண்டு வந்து வச்சுட்டுத் தூங்குற பழக்கம் வேண்டவே வேண்டாம். உடைஞ்ச குழாய் என்ன செய்யுமோ அதையே கரிச்சட்டி இன்னும் வேகமா செய்யும். குசினி அடுப்புல தண்ணி காய்ச்சி வாளியில ஊத்திக் குளிக்கலாம், ராத்திரிக்கு கம்பளி போதும்.

அப்புறம் வருசா வருசம்

காத்தும் மழையும் தொடங்குறதுக்கு முந்தி, ஏப்ரல்ல ஒரு தடவை பரண்ல ஏறிப் பாருங்க. பதுளை, வெலிமடை, பண்டாரவளை பக்கம்னா வருசக் கடைசி மழைக்கு முந்தி பாக்கிறது தான் பொருத்தம். விறகுக் குழாய்க்குள்ள கரி மூணு மில்லிமீட்டர் அளவுக்குத் தடிச்சிருந்தா பிரஷ் போட்டு வழிக்கணும், தினமும் எரிக்கிற வீட்ல வருசத்துக்கு ரெண்டு தடவை வரும். சவுக்கு மரமோ டர்பன்டைன் மரமோ எதுவா இருந்தாலும் பிளந்து, மழை படாம அடுக்கி, ஆறு மாசம் காய விட்ட பிறகு எரிங்க, நல்லா காய்ஞ்ச விறகு ஒன்னோட ஒன்னு தட்டினா கிண்ணுனு சத்தம் வரும். குழாய்க்குள்ள தார் பத்திக்கிட்டா, இரைச்சலோட குழாய் நடுங்கும், அப்போ பொயிலர் கதவையும் காத்து ஓட்டையையும் மூடிட்டு எல்லாரையும் வெளிய எடுங்க, மேல இருந்து குழாய்க்குள்ள தண்ணி ஊத்தாதீங்க, திடீர்னு ஆவியாகி குழாய் வெடிச்சிடும்.

கூரையில வேலை செய்ய ஆள் வந்தா குழாயைத் தொடுறதுக்கு முந்தி உங்ககிட்ட சொல்லச் சொல்லுங்க. அவங்க இறங்கினதும், கூலி குடுக்கிறதுக்கு முந்தியே பரண்ல ஏறி மூட்டுகளையெல்லாம் கையால பிடிச்சுப் பார்த்து, அதுக்குப் பிறகு பொயிலரைப் பத்த வச்சு, ஊதுபத்தி டெஸ்ட்டையும் திரும்ப செய்ங்க.